எந்த அவர்?

நான் சிரிக்கவில்லை. உங்களிடம் யார் என்ன சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. கோவில்பட்டியில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எல்லாருமே கண்ணால் பார்த்த சாட்சி. மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காருங்கள் அம்மா, மதுரையிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நான் இருமினேன். ஐப்பசி மழை பிடித்தால் எனக்கு இருமல் வரும். அந்தப் படம் போட்ட அன்றைக்கும் மழை. இருமலுக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்றால்... சரி, அதை விடுங்கள்.

அவர் வெளியே போயிருக்கிறார். வர நேரமாகும். வந்தாலும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு அமைதியான வீடு என்று சொல்வார்கள்.

அவர் பெயரா? வாசலில் பித்தளைப் பலகையில் இருக்கிறதே, பார்க்கவில்லையா? ஊரில் எல்லாருக்கும் தலைவர். மில் தொழிற்சங்கத்தில் தலைவராக இருந்தார். அதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சோவியத் நட்புறவுச் சங்கத்தில் தலைவர். அந்த நாடு போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சங்கம் இருக்கிறது. நட்பு என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பார். அங்கே சர்வாதிகாரம் எல்லாம் கிடையாது அம்மா. தேர்தல் ஒழுங்காக நடக்கும். மனு போடுவது அவர் ஒருவர்தான் என்றாலும் ஓட்டு எண்ணாமல் விட்டதில்லை.

சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை. நவம்பர் ஏழாம் தேதி புரட்சி தினம். காலையில் கொடியேற்றம், மிட்டாய். சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கல்யாண மண்டபத்தில் ஒரு போர்ப்படம். ஒரே படம்தான், வருஷா வருஷம். பனி, டாங்கி, ரயிலடியில் நின்று கையசைக்கிற ஒரு தாய். ரஷ்ய மொழியில் பேசுவார்கள். பேசுவது ஒருவருக்கும் புரியாது, கதை எல்லாருக்கும் மனப்பாடம். முந்தின வருஷம் அந்தச் சிடி கீறிப்போய் டாங்கி ஆற்றுப் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. சங்கமே அந்தப் பாலத்தில் நின்ற மாதிரி இருந்தது.

அதனால் செயலாளர் சங்கரவேல் அண்ணாச்சி வேறு படம் தேடினார். மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தவர், நல்ல மனுஷன், பயந்த சுபாவம். அவர் தேடி எடுத்த படத்தின் முகப்பில் ஒரு மார்ஷல் நிற்கிறார். நெஞ்சு நிறைய பதக்கம், பின்னால் சிவப்பு வானம். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? 'மார்ஷல் தரஸோவின் சிலை' என்று பெயர். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. ஆங்கிலம் யாருக்குத் தெரியும் என்று பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். கல்லூரி மலரில் என் கவிதை வந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் நிறைய எழுதினேன். சோவியத் நாட்டுப் பெண்கள், கூட்டுப் பண்ணைகள், விண்வெளிப் பயணம், எல்லாம் நான் தமிழில் எழுதிக் கொடுத்ததுதான். அட்டையில் அவர் பெயர் இருக்கும். என் பெயரில் வந்தால் யார் வாங்குவார்கள்? அவர் பெயரில் வந்தும் யாரும் வாங்கவில்லை, அது வேறு.

அண்ணாச்சி மடிக்கணினியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார்.

"மதினி, தலைவருக்கு ஒரு சின்ன வேலை. தமிழ்ல சப்டைட்டில் எழுதணும்."

"தலைவருக்கா வேலை, எனக்கா?"

"உங்களுக்குத்தான். தலைவர் சொன்னாவ."

படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அந்த மாதிரிப் படம் இல்லை என்று. கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். மார்ஷல் தரஸோவ் போர்முனையில் காணாமல் போகிறார். செத்துவிட்டார் என்று தலைவருக்குச் செய்தி போகிறது. நம் தலைவருக்கு இல்லை, படத்துத் தலைவருக்கு. படத்துத் தலைவர் அழுகிறார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மந்திரிகள் எல்லாரும் அவரைவிடக் கொஞ்சம் குறைவாக அழுகிறார்கள். உடனே வெண்கலத்தில் சிலை. ஓர் ஊருக்கு மார்ஷலின் பெயர். விதவைக்கு ஆற்றோரம் வீடு. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மார்ஷல் நடந்தே ஊர் வந்து சேர்கிறார். செத்தெல்லாம் போகவில்லை. வழி தவறிவிட்டார், அவ்வளவுதான். ஜலதோஷம் பிடித்திருக்கிறது.

இப்போது யார் போய்த் தலைவரிடம் சொல்வது? நீங்கள் அழுத அழுகை வீண் என்று எந்த வாய் சொல்லும்? ஜெனரல்கள் கூடிப் பேசுகிறார்கள். ஊரில் இரண்டு மார்ஷல் இருக்கக் கூடாது. சிலையை எடுக்க முடியாது, அஸ்திவாரம் ஆழம். ஆளை எடுத்துவிடலாம், அது சுலபம். கடைசியில் ஒரு ஜெனரலுக்கு மனசு இளகி, அதே பூங்காவில் அவருக்குக் கூட்டுகிற வேலை போட்டுக் கொடுக்கிறார். சிலை மேல் புறா எச்சம் விழுந்தால் ஏணி வைத்து ஏறித் துடைக்க வேண்டும். தன்னைத் தானே துடைக்கிற உத்தியோகம். அன்றைக்கே எனக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் சிலைக்கும் ஆளுக்கும் ஒரே சொல்தான், 'ஹி', கவனித்திருப்பீர்கள். தலைவனுக்கும் தோட்டக்காரனுக்கும் அதே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் கேள்வி வந்து நிற்கும். இது அவனா, அவரா? முடிவு செய்யாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது. வந்தானா, வந்தாரா?

இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் பிடி கிடைத்தது. சிலை 'அவர்'. ஆள் 'அவன்'. ஜெனரல்கள் ஒரே மூச்சில் பேசுவார்கள்: 'அவருக்கு மாலை போடுங்கள், அவனை உள்ளே தள்ளுங்கள்.' 'அவர் நம் நாட்டின் நெஞ்சு. அவனை மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள், அசிங்கமாக இருக்கிறது.' இரண்டும் ஒரே மனிதன் அம்மா! படம் எடுத்தவர்களுக்கே கிடைக்காத சிரிப்பு தமிழில் கிடைத்தது. நான் இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கீரை விற்கிறவளிடம் சொன்னேன். கட்டு பதினைந்து ரூபாய் என்றாள்.

'ன்' என்று முடித்துப் பாருங்கள், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். 'ர்' என்று முடித்துப் பாருங்கள், நாக்கு நடுங்கும். அவன். அவர். சொல்லிப் பாருங்கள். நடுங்குகிறதா? அதைத்தான் மரியாதை என்கிறோம் போல.

படத்தின் கடைசிக் காட்சிதான் எனக்கு உயிர். தலைவர் மலர்வளையம் வைக்க வருகிறார். விளக்குமாறோடு நிற்கிற ஆளைப் பார்க்கிறார். 'உனக்கு மார்ஷல் ஜாடை இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் உயரம்' என்கிறார். அந்த மனிதன் சிலையை அண்ணாந்து பார்க்கிறான். 'ஆமாம் தலைவரே. அவர் இன்னும் உயரம்' என்கிறான். படம் முழுக்க அவன் அவன் என்று எல்லார் வாயிலும் மிதிபட்டவன், தன்னைப் பற்றித் தானே 'அவர்' என்கிறான். அந்த ஒரு 'ர்'ருக்காகத்தான் மற்ற எல்லா 'ன்'னும் போட்டேன். அந்த வரியை எழுதிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

எழுதியதைக் கூட்டத்தில் வாசித்துச் சரிபார்ப்பது சங்கத்து வழக்கம். கூட்டம் இந்தக் கூடத்தில்தான் நடக்கும். அவர் இதோ இந்த நாற்காலியில், அண்ணாச்சி நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். நான் காபி கொண்டுவந்தேன். அவர் முதல் தாளிலேயே விரலை வைத்து நிறுத்தினார்.

"யாரு இது, 'அவன்'?"

அண்ணாச்சி தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். "மார்ஷல், தலைவரே."

"மார்ஷல் அவனா?"

"அதானே," என்றார் அண்ணாச்சி. "மார்ஷல் எப்படி அவனாவாரு?"

நான் தம்ளரை வைத்துவிட்டு, "சிலைக்கு அவர்னு போட்டிருக்கேன். ஆளுக்குத்தான் அவன்," என்றேன்.

"ஆளைவிடச் சிலை ஒசத்தியா?"

"படமே அந்தக் கேள்விதாங்க."

"படம் அது இல்ல."

அவர் படத்தைப் பார்க்கவில்லை அம்மா. பார்க்க வேண்டியதில்லை, முகப்பைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லியிருந்தார். பார்த்தது நானும் அண்ணாச்சியும்தான். முந்தின நாள்தான் அண்ணாச்சி சமையலறை வாசலில் நின்று, "சிரிச்சுச் சிரிச்சு விலா பிடிச்சுக்கிட்டு மதினி, வீட்டுல எண்ணெய் தேச்சு விட்டா," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி காபியைப் பார்த்தார்.

"சங்கரவேலு, நீ பாத்தேல்லா. என்ன மாதிரிப் படம்?"

"சோகமான படம், தலைவரே. ரெண்டு எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிட்டு."

"பாத்தியா?" என்று அவர் என்னிடம் சொன்னார். கோபமே இல்லை. "ஒரு மார்ஷலை அவன் இவன்னு எழுதி நம்ம சங்கத்துல போட்டா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா? எல்லாத்தையும் அவர் ஆக்கிரு."

"ஆக்கிருதேன்," என்றேன். "கடைசில மட்டும் என் பேரைப் போடணும்."

எனக்கே தெரியாது அம்மா, அது எங்கேயிருந்து வந்தது என்று. காபி கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"பேரா? எதுக்கு?"

"எழுதுனது நான்லா."

அவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் நாற்காலிக்கு மேலே பாருங்கள், அந்தப் பெரிய படம், மணிவிழாவுக்கு எடுத்தது, சால்வையும் செங்கோலும். அதற்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "தனிநபர் வழிபாடு நம்ம சங்கத்துல கிடையாது. மொழிபெயர்ப்புக் குழுன்னு போடலாம்."

"குழுல யாரெல்லாம்?"

"நீதான்."

அண்ணாச்சி தலையாட்டினார், ஏகமனதாக.

நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. என் கண் இப்போது சரியில்லை, இத்தனை 'ன்'னை அழித்து 'ர்' போட நாளாகும், நவம்பர் ஏழுக்குள் முடியுமோ முடியாதோ என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். எழுபத்து மூன்று வயசில் ஒருத்தி என்ன கேட்கிறாள்? பித்தளையில் பொறித்துத் தரச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் எழுதிக் காட்டச் சொல்கிறாள். என் பெயரை நான் எழுத்தில் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணப் பத்திரிகையில். அதற்கப்புறம் வந்த பத்திரிகைகளில் எல்லாம் 'தலைவரும் துணைவியாரும்'.

அவர் வெகு நேரம் தாளைப் புரட்டினார். "சரி. எல்லாத்தையும் அவர் ஆக்கு. பேரு போடலாம்," என்றார். பெரிய மனசு. யாரும் அப்படி இறங்கி வர மாட்டார்கள்.

ஆக்கினேன். மார்ஷல் அவர். கூட்டுகிறவர் அவர். காவல்காரர் அவர். மார்ஷலின் பதக்கத்தைத் திருடி விற்கிற ஓர் ஆள் வருவான், அவரும் அவர். மார்ஷலின் குதிரை ஒன்று உண்டு. "அதுவும் போர்ல கலந்துக்கிட்டதுதான, தலைவரே," என்று அண்ணாச்சி இழுத்தார். குதிரையை மட்டும் அஃறிணையாக விட்டுவைக்க அனுமதி கிடைத்தது. 'அவர் இன்னும் உயரம்' என்ற வரியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது அப்படியேதான் இருந்தது. சுற்றிலும் எல்லாம் 'அவர்' ஆன பிறகு அது செத்துப்போய்க் கிடந்தது, அவ்வளவுதான். கீழே கடைசியாக அண்ணாச்சியே தட்டினார்: 'தமிழ் சப்டைட்டில்: செண்பகவல்லி.' நான் மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கு நல்ல கூட்டம். வெளியே மழை, ஒதுங்க வந்தவர்கள் பாதி. ஆண்கள் வலது பக்கம், நாங்கள் இடது பக்கம். அவர் முதல் வரிசையில் நடு நாற்காலி. எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள். எதிர் வீடு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவள். வாய் சும்மா இருக்காது.

படம் ஆரம்பித்தது. கீழே என் எழுத்து. எழுத்தாவது எழுத்து. 'அவரைப் பூங்காவில் நிறுத்திவிட்டார்கள். இனி அவரைத் துடைக்க அவரையே நியமியுங்கள்.' வலது பக்கம் ஒரு குரல்:

"எந்த அவர்வே?"

"ரெண்டு பேரும் அவர்தான்."

"அப்ப புறா யாரு மேல இருக்கு?"

"அவர் மேல."

"துரத்துறது?"

"அவர். சும்மா படத்தைப் பாருமே."

பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, அதனால் மிகவும் மரியாதையாகப் பார்த்தார்கள். என் 'அவன்' இருந்திருந்தால் அந்த மண்டபம் எப்படிச் சிரித்திருக்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் வரும், பெயர் வரும் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காட்சி. மார்ஷலின் மனைவியை ஜெனரல்கள் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எதிரே விளக்குமாறோடு அவள் புருஷன். ஆமென்று சொன்னால் வீடு போகும், அவன் தலையும் போகும். ஜெனரல் கேட்கிறார், 'அதோ அவரை உங்களுக்குத் தெரியுமா?' நான் முதலில் எழுதியிருந்தது, 'அவனா? அவனை நான் பார்த்ததே இல்லை.' நல்ல கெட்டியான பொய். சங்கத்தின் தீர்மானப்படி இப்போது திரையில் வந்தது:

'அவரா? அவரை நான் பார்த்ததே இல்லை.'

பிறகு பேச்சியம்மாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அவள் மெதுவு எல்லாருக்கும் கேட்கும்:

"ஏட்டி, தெரியாதாம்! தெரியாதவனையா 'அவரா'ங்கா?"

அவ்வளவுதான். இடது பக்கம் முழுக்கச் சிரிப்பு. உங்களுக்கு விளக்க வேண்டாமே அம்மா, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பாரே. பெயர் சொல்லாமல் ஒருத்தி 'அவர்' என்றால் உலகத்தில் அது ஒரே ஆள்தான். தெரியாது என்று சொல்லிக்கொண்டே அவள் புருஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். ஜெனரலுக்குப் புரியவில்லை, எங்கள் பக்கம் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அடக்க அடக்க வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இருமலுக்கு அப்படி வரும்.

அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அண்ணாச்சியிடம், "என்ன சத்தம்? சிரிக்காவளா?" என்று கேட்டாராம்.

"சிரிப்பா, தலைவரே? அழுதாவ," என்றாராம் அண்ணாச்சி.

அதற்கப்புறம் அந்தப் பெண்களை நிறுத்த முடியவில்லை. நான் அவர்களைத்தான் குற்றம் சொல்வேன். ஓர் அரசியல் படத்தைக் குடும்பப் படம் ஆக்கிவிட்டார்கள். 'அவர் தூங்குகிறார், யாரும் சத்தம் போடாதீர்கள்' என்று காவல்காரன் சொல்கிறான், கிரெம்ளின் மாளிகையில். உடனே சிரிப்பு. 'அவர் அழுதால் நாமும் அழ வேண்டும்.' சிரிப்பு. 'அவரிடம் யார் போய்ச் சொல்வது?' "நீ போய்ச் சொல்லேன்!" என்று பின்வரிசையில் ஒருத்தி, யாரையோ இடித்துக்கொண்டு. 'அவருக்கு எல்லாம் தெரியும். அவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை.' அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தார்கள் பாருங்கள், மழைச் சத்தமே கேட்கவில்லை. என் பழைய 'அவன்' இருந்திருந்தால் யாரோ ஒரு ரஷ்யத் தலைவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சங்கம் திருத்திக் கொடுத்ததில் வந்த வினை. வலது பக்கத்து ஆண்கள் மட்டும் கடைசிவரை மரியாதையாகவே பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

கடைசிக் காட்சிக்கு எல்லாரும் அடங்கினார்கள். தலைவர், மலர்வளையம், விளக்குமாறு. 'ஆமாம் தலைவரே. அவர் இன்னும் உயரம்.' செத்துப்போன வரி என்று நினைத்தேனே, பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. "பாவம்," என்றாள். யாரைச் சொன்னாளோ.

படம் முடிந்து வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நடிகர்கள், இசை, குதிரைகளைப் பழக்கியவர். என் முறை வரப்போகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது அவர் எழுந்தார். எழுந்து நேரே திரைக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார்.

"மாவீரர் மார்ஷல் தரஸோவுக்கு வீரவணக்கம்!" என்றார். அவர் குரலைக் கேட்க வேண்டும் அம்மா. மில் வாசலில் ஆயிரம் பேரை நிறுத்திய குரல். "அந்த மாவீரரின் நினைவாக ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

அப்படி ஒரு மார்ஷல் பிறக்கவே இல்லை, கதை எழுதியவர்கள் உண்டாக்கின ஆள். யார் போய்ச் சொல்வது? எல்லாரும் எழுந்தார்கள். சிரித்துக் களைத்த பெண்களும் எழுந்தார்கள். தலையைக் குனிந்தார்கள், கண்ணை மூடினார்கள். படத்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில்தான் என் பெயர் வந்தது. கீழே நடுவில் வர வேண்டிய எழுத்து, அங்கே அவர் நின்றுகொண்டிருந்ததால் அவருடைய வெள்ளைச் சட்டை மேல் வந்தது. செண்பகவல்லி. வயிற்றில் கொஞ்சம் வளைந்து, பித்தான் பக்கம் கொஞ்சம் மடங்கி. அவர் மூச்சு விடும்போது என் பெயர் ஏறி இறங்கியது. அவரும் கண்ணை மூடியிருந்தார்.

நான் ஒருத்திதான் மூடவில்லை. அஞ்சலி நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது தப்புதான் என்பார்கள். மௌனம் முடிந்து அவர்கள் நிமிர்ந்தபோது திரை கறுப்பு.

வாக்குக் கொடுத்தபடி போட்டுவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "நீதான் முதல்ல சிரிச்ச." அன்றையிலிருந்து இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்கிறார், நிதானமாக, குரல் உயர்த்தாமல். நானும் வருகிறவர்களிடம் எல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேச்சியம்மாள் தெருவிலிருந்து, "செண்பகம், அவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சிரித்துக்கொண்டே போகிறாள்.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் திரைப்படக் கழகத்துக்கும் ஒரு படம், அதுவும் ஒரு ரஷ்யத் தலைவரைப் பற்றிய கிண்டல், அதற்கும் நான்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள். அவனா அவரா என்பதை என் இஷ்டத்துக்கு விடுவதாகவும் சொல்கிறீர்கள். சந்தோஷம். பணம் கிடக்கட்டும். பெயர் முதலில் வர வேண்டும். படம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால், எல்லாரும் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போது. வெறும் செண்பகவல்லி. இன்னாருடைய துணைவி என்று ஒரு வாலும் வேண்டாம். சரிதானே? சரியென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ம்.

அப்படியென்றால் முதல் வசனத்தை இப்போதே முடித்துவிடலாம். என்ன காட்சி என்றீர்கள்? தலைவரின் கார் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு காவல்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மற்றவனிடம் இரண்டே சொல் சொல்கிறான், பேச்சை நிறுத்து என்கிற மாதிரி.

இருங்கள், வெளிக்கதவுச் சத்தம். பையை எடுக்காதீர்கள் அம்மா, உட்காருங்கள். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, கால் கழுவி உள்ளே வர இன்னும் நேரம் இருக்கிறது. பேனாவை எடுங்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

'அவன் வந்துட்டான்.'

வசனத்தைத்தான் சொன்னேன்.